இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்குள் விஞ்ஞானம்



கிழக்கு மாகாணத்திலிருந்து ஓர் உம்மா எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாளாம். கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த சாச்சா, மகள் ஆசையாகக் கேட்டாள் என்பதற்காக ஒரு சிறு பொருளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பார்ப்பதற்கு பென் டிரைவ் போல இருக்கும் அதைக் கணனியில் செருகினால் கணனியே வானொலியாகிவிடும் என்று சொன்னாராம். மூன்று கிழமைகளாக அந்த வீட்டில் இரவானால் ஒரே இரைச்சல்தான் கேட்கிறது. இது மலிவானது, அதனால்தான் சரிவரவில்லை, இதைவிடப் பல மடங்கு விலையான இன்னொன்று வேண்டும் என்கிறாள் மகள். அதைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பாடத்தைப் பார் என்கிறார் வாப்பா. காசைக் கொடுப்பதா, கண்டிப்பதா, அதற்கும் மேலாக இது சட்டத்துக்குப் பிழையான வேலையா என்பவை உம்மாவின் கேள்விகள்.

காசும் வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம் என்பதே என் பதில். அந்தச் சிறு குச்சி பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. இரைச்சல் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. அதைக் கண்டுபிடிக்க மகளுக்கு உதவக்கூடியவர், கடைக்காரரை விடவும் சாச்சாவை விடவும், உம்மாவாகிய நீங்கள்தான். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னர் இந்தக் குச்சி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

நம் உம்மம்மாமார் வைத்திருந்த வானொலிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் உறுப்பு இருக்கும். வேண்டிய நிலையத்தைத் தெரிவு செய்வதற்குக் கம்பிச் சுருளும் கொள்ளளவியும் இருக்கும். பக்கத்து நிலையத்தைத் தள்ளிவைக்க ஒரு வடிகட்டியும், அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுக்க ஒரு பகுதியும், அதைப் பெரிதாக்க இன்னொன்றும் இருக்கும். அந்தப் பெட்டி எந்த வேலைக்குச் செய்யப்பட்டதோ அந்த வேலையை மட்டுமே செய்யும். இடியப்ப உரலில் இடியப்பம்தான் பிழியலாம், வட்டிலப்பம் அவிக்க முடியாது அல்லவா?

எஸ்.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மென்பொருள் வானொலி வேறு வழியில் போகிறது. அன்டெனாவில் வந்து விழும் அலையை அது எண்களாக அளந்து கணனிக்கு அனுப்பிவிடுகிறது. மகளிடம் உள்ள வகைக் குச்சி இதை ஒரு செக்கனுக்கு 24 இலட்சம் தடவை தடங்கலின்றிச் செய்யக்கூடியது. ஒவ்வொரு தடவையும் ஒரு சோடி எண்கள் போகும். நிலையத்தைத் தெரிவு செய்வது, பக்கத்து நிலையத்தை வடிகட்டுவது, குரலைப் பிரிப்பது எல்லாம் அதன் பிறகு கணனிக்குள் நடக்கும் வெறும் கணக்கு. கணக்கை மாற்றினால் வானொலியும் மாறிவிடும். ஒரே குச்சியால் எப்.எம். கேட்கலாம், விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் சமிக்ஞையைப் பிடிக்கலாம், செய்மதி அனுப்பும் மேகப் படத்தையும் வரையலாம்.

இப்படிப்பட்ட கருவிகள் முன்பு ஆய்வுகூடங்களுக்கே கட்டுப்படியாகும் விலையில் இருந்தன. மலிவானது ஒரு தற்செயலால்தான். ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்.டி.எல். 2832யூ என்ற சில்லு, கணனியில் டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட குச்சிகளில் இருந்தது. எப்.எம். வானொலியைக் கேட்கும்போது மட்டும் அந்தச் சில்லு வேலையைத் தானே முடிக்காமல், அளந்த எண்களை அப்படியே கணனிக்குத் தள்ளிவிடுகிறது என்பதை 2012இல் அன்ட்டி பலோசாரி என்ற பின்லாந்துக்காரர் கவனித்தார். அந்த வாசலைத் திறந்துவிட்டால் குச்சி எதையும் கேட்கும் என்பது தெரிந்ததும் ஆர்வலர்கள் அதற்கான மென்பொருளை எழுதி இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சிக்காகப் பிறந்த பொருள் பரிசோதனைக்காரர் கைக்கு வந்தது இவ்வாறுதான்.

நம் நாட்டு வானொலியின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1920களில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டைப் போட்டுப் பரிசோதனை ஒலிபரப்புச் செய்தார்கள். அதற்கான ஒலிபரப்பியைத் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள், யுத்தத்தில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே செய்தார்கள். எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர் இந்த முயற்சியை முன்னின்று நடத்தினார். 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. நோன்பு காலத்தில் மஃரிப் அதானுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கிறோமே, அந்த ஒலிபரப்பின் வேர் வேறு வேலைக்குச் செய்த பழைய சாமான்களில் இருக்கிறது. மகளின் வாப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி விடயத்துக்கு வருவோம். இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்றால் எந்த ஒழுங்கில் தேடுவது?

முதலில் கணனிக்கு அந்தக் குச்சியைத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் உள்ள கணனி அதைத் தொலைக்காட்சிக் கருவி என்று எண்ணித் தன் சொந்த ஓட்டி மென்பொருளைப் போட்டுவிடும். அதை மாற்றுவதற்கு சாடிக் என்ற சிறிய இலவச மென்பொருளைப் பாவிக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சாடிக் காட்டும் பட்டியலில் கணனியில் செருகியுள்ள வேறு பொருட்களின் பெயர்களும் வரக்கூடும். அவசரத்தில் விசைப்பலகையின் பெயரையோ மௌஸின் பெயரையோ தெரிந்துவிட்டால், அடுத்த நிமிடம் அது வேலை செய்யாது. பின்னர் அந்தத் தவறான ஓட்டியை அகற்றிக் கணனியை மீண்டும் தொடக்கினால் சரியாகிவிடும் என்றாலும், வீட்டில் ஒரே கணனி இருந்தால் அந்த இரவு நிம்மதி போய்விடும். குச்சியைச் செருகு முன் ஒரு தடவையும் செருகிய பின் ஒரு தடவையும் பட்டியலைப் பார்த்து, புதிதாக வந்த பெயரை மட்டும் தொடச் சொல்லுங்கள்.

மகளுடைய திரையில் ஏற்கனவே இரைச்சல் ஓடுகிறது என்பதால் இந்தக் கட்டத்தை அவள் தாண்டிவிட்டாள் என்றே நினைக்கிறேன். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது ‘கெயின்’ என்ற அளவை. வரும் சமிக்ஞையைக் குச்சி எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சில மென்பொருள்களில் அது முதலில் ஆகக் குறைந்த இடத்திலேயே நிற்கும். யாரும் அதைத் தொடாவிட்டால் பக்கத்து ஊர் எப்.எம். நிலையம்கூட மெல்லிய நிழலாகத்தான் தெரியும். நிலையத்தின் வகையையும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். எப்.எம். ஒலிபரப்புக்கு அகன்ற எப்.எம். என்று பொருள்படும் டபிள்யூ.எப்.எம். வகைதான் பொருந்தும். என்.எப்.எம். என்ற ஒடுங்கிய வகையில் வைத்தால் குரல் கரகரத்து உடையும்.

கெயின் குறைந்தால் கேட்காது, சரி. அப்படியானால் முழுவதும் கூட்டிவிடலாமா? பெரும்பாலானோர் இடறி விழும் இடம் இதுதான். இந்தக் குச்சி ஒவ்வோர் அளவையும் 256 படிகளுக்குள்தான் குறிக்கிறது. கலியாண வீட்டில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மதினி காதில் சொல்லும் இரகசியத்தைக் கேட்க முயன்றிருக்கிறீர்களா? அதே நிலைதான். பக்கத்திலுள்ள பலமான எப்.எம். நிலையம் 256 படிகளையும் தானே நிரப்பிக்கொண்டால் மெலிந்த நிலையங்களுக்கு இடமே இருக்காது. அதோடு இல்லாத நிலையங்களும் முளைக்கும். ஒரே பாட்டு நான்கைந்து இடங்களில் கேட்டால், அது குச்சி திணறுவதன் அடையாளம். கெயினைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகையில், திரையின் அடியில் புல்தரை போல் தெரியும் இரைச்சல் மட்டம் எந்த இடத்தில் எழும்பத் தொடங்குகிறதோ அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கூட்டினால் இரைச்சல்தான் வளரும். எப்.எம். கோபுரத்துக்கு மிக அருகில் வசிப்பவர்கள் 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை மறிக்கும் வடிகட்டி ஒன்றைப் போடுவதுண்டு. அதைப் போட்டால் எப்.எம். கேட்க முடியாது, மற்றவை தெளியும்.

அன்டெனாவைப் பற்றி ஒரு சொல். இக்குச்சிகளோடு காந்தம் பொருத்திய அடியும் சிறிய கம்பியும் கொண்ட ஓர் அன்டெனா வரும். அதை மேசையின் பலகையில் நிறுத்தி வைப்பவர்களே அதிகம். அந்த வகைக் கம்பிக்குக் கீழே உலோகத் தளம் ஒன்று வேண்டும். காந்தம் வைத்திருப்பதே அதற்காகத்தான். உங்கள் குசினியில் உள்ள பெரிய பிஸ்கட் டின்னின் மூடி போதும். மூடியின் மேல் அன்டெனாவை ஒட்டவைத்து ஜன்னலோரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியின் நீளமும் முக்கியம். 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர், அதில் கால் பங்கு 75 சென்றிமீற்றர். எப்.எம். கேட்பதற்கு ஏறத்தாழ அந்த நீளம் வேண்டும். விமானங்களின் சமிக்ஞை வரும் 1090 மெகாஹேர்ட்ஸுக்கோ 7 சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த கம்பியே போதும். இந்த வகுத்தல் கணக்கைப் பௌதிகவியல் படிக்கும் மகளே செய்துவிடுவாள். தகரக் கூரையின் கீழ் இருந்துகொண்டு வானத்தைக் கேட்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொங்கிரீட் சிலாப்பும் ஓரளவு அப்படித்தான்.

இவ்வளவும் செய்தும் இரைச்சல் குறையவில்லை என்றால் இனி வருவது உங்கள் பகுதி.

நம் வீடுகளில் இன்று எத்தனை சார்ஜர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கைத்தொலைபேசிகளுக்கு மூன்று நான்கு, மடிக்கணனிக்கு ஒன்று, வை-ஃபை பெட்டிக்கு ஒன்று. அறைக்கறை எல்.ஈ.டி. பல்ப். சில வீடுகளில் கூரையில் சூரிய மின்தகடும் அதற்கான இன்வேர்ட்டரும் உண்டு. இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. மின்சாரத்தை ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அழுத்தத்தை மாற்றுகின்றன. அப்படி வெட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு வானொலி அலை புறப்படுகிறது. அந்த அலை வெளியேறாமல் தடுக்கும் வடிகட்டி உறுப்புகளை நல்ல சார்ஜரில் வைத்திருப்பார்கள். பெயர் இல்லாத மலிவுச் சார்ஜர்களில் பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுகிறார்கள். சுவரில் செருகிய வயரே அதற்கு அன்டெனாவாகிவிடுகிறது. வீடு முழுவதும் ஓடும் மின்கம்பிகளில் அந்த இரைச்சல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை மிக எளியது. மடிக்கணனியை முழுவதும் சார்ஜ் செய்துவிட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பற்றரியில் ஓடவிட வேண்டும். நிலையம் எதுவும் இல்லாத ஓரிடத்தில் மென்பொருளை நிறுத்தி, திரையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்தில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும்தான், மின்பெட்டியின் மூடியைக் கழற்றக்கூடாது. ஐஸ் பக்கற் விற்கும் சகோதரிகள் பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் மட்டம் சடுதியாக இறங்கியிருந்தால் கள்வன் வீட்டுக்குள்தான். சார்ஜர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மின்சாரத்தைத் திரும்பப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மகள் திரைக்கு முன்னால் இருக்கட்டும். எந்தப் பல்ப் எந்தச் சுவிட்சில், சின்னவனின் சார்ஜர் எந்தக் கட்டிலுக்குப் பின்னால், மருமகன் விட்டுப்போன சார்ஜர் எந்த அறையில் என்பதெல்லாம் தெரிந்தவர் வீட்டுக்காரிதானே! ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது என்பது மட்டும் சட்டம். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

மட்டம் இறங்கவே இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். மடிக்கணனியே இரைச்சல் போடும் ஒன்று. குச்சியை நேரடியாக அதன் விலாவில் செருகினால், அடுப்புக்குப் பக்கத்தில் ஐஸ் கட்டியை வைத்ததற்குச் சமம். ஒன்று அல்லது இரண்டு மீற்றர் நீளமான யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கிக் குச்சியைக் கணனியிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். விலை கூடிய கருவிக்குப் பதிலாக நான் வாங்கச் சொல்வது இந்த வயரைத்தான். வயரில் கவ்விப் போடும் ஃபெரைட் வளையம் கிடைத்தால் அதையும் போடலாம். நீட்டிப்பு வயருக்குப் பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தால் பக்கத்து வீட்டையும் தெருவிளக்கையும் சந்தேகிக்கலாம். அப்போது மடிக்கணனியைத் தூக்கிக்கொண்டு வளவின் கோடிக்கோ கடற்கரைக்கோ போய்ப் பார்ப்பது நல்லது. வெளியிடத்தில் நன்றாகக் கேட்டால் குச்சியில் பழுதில்லை என்பது உறுதி.

திரையில் ஓடும் படத்தை ஆர்வலர்கள் ‘நீர்வீழ்ச்சி’ என்கிறார்கள். நேரம் போகப் போகக் கோடுகள் மேலிருந்து கீழே வழிந்துகொண்டிருப்பதால் வந்த பெயர். அதைப் பார்த்தே இரைச்சலின் குணத்தைச் சொல்லிவிடலாம். கறிக்குத் தாளிக்கும் மணத்தை வைத்தே கடுகு கருகியதா வெங்காயம் கருகியதா என்று நாம் சொல்வதில்லையா? குறுக்கே திரை முழுவதும் வெட்டிப் போகும் பளிச்சென்ற கோடு என்றால் தீப்பொறி விடும் ஏதோ ஒன்று, கிரைண்டரின் மோட்டாரோ தெருவில் போகும் மோட்டார் சைக்கிளோ. சம இடைவெளியில் சீப்பின் பற்கள் போல நெட்டுக்கு நிற்கும் கோடுகள், இடம் மாறி வளைந்து நெளியும் கோடுகள் என்றால் சார்ஜர் வகையைச் சந்தேகிக்கலாம். எவ்வளவு தேடியும் அசையாமல் ஒரே இடத்தில் ஊசி போல் நிற்கும் கோடு ஒன்று இருக்கும். அன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய பின்னும் நின்றால் அது குச்சியின் சொந்தச் சத்தம். உள்ளே 28.8 மெகாஹேர்ட்ஸில் துடிக்கும் படிகம் ஒன்று இருக்கிறது. அதன் மடங்குகளான 57.6, 86.4, 115.2, 144 ஆகிய இடங்களில் இப்படிக் கோடுகள் தெரிவது வழமை. அதை நிலையம் என்று எண்ணி மணிக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர்.

அதே படிகத்தால் இன்னொரு சிக்கலும் வரும். மலிவான குச்சிகளில் அதன் துடிப்பு சற்றுப் பிசகியிருக்கும். பத்து இலட்சத்தில் 50 பங்கு பிசகு என்றால் எப்.எம். நிலையம் 5 கிலோஹேர்ட்ஸ் தள்ளித் தெரியும். எப்.எம். நிலையம் அகலமானது என்பதால் காதுக்கு வித்தியாசம் விளங்காது. 1090 மெகாஹேர்ட்ஸில் அதே பிசகு 54 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் போய்விடும். குச்சி சூடாகும்போது இது இன்னும் நகரும். எனவே செருகிப் பத்து இருபது நிமிடம் விட்டு, மீடிறன் நிச்சயமாகத் தெரிந்த ஒரு சமிக்ஞையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மென்பொருளில் பதிந்துவிட வேண்டும். கை வைத்தால் குச்சி சுடுகிறதே என்று பதற வேண்டாம், அது அதன் இயல்பு. சத்தம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு வந்தால் அது வேறு நோய். பழைய கணனியால் 24 இலட்சம் அளவைகளை விழுங்க முடியவில்லை. செக்கனுக்குப் பத்து இலட்சம் அளவுக்குக் குறைத்து வைத்தால் சீராகிவிடும்.

இவ்வளவு சரிபார்த்தும் ஒன்றும் வராத ஓரிடம் உண்டு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் மனம் உடைந்துபோவது அதில்தான். செய்மதியிலிருந்து மேகப் படம் எடுப்பது பற்றிய பழைய வழிகாட்டிகள் எல்லாம் அமெரிக்காவின் நோவா 15, 18, 19 ஆகிய மூன்றையும் காத்திருந்து பிடிக்கச் சொல்லும். அந்த மூன்றும் இன்று இல்லை. நோவா 18ஐ 2025 ஜூன் மாதத்திலும், மற்ற இரண்டையும் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலும் நிறுத்திவிட்டார்கள். எந்த அன்டெனாவைக் கட்டினாலும் அவற்றிலிருந்து இனிப் படம் வராது. மகளுடைய கொப்பியில் அந்தப் பெயர்கள் இருந்தால் வெட்டிவிடச் சொல்லுங்கள். 2023இலும் 2024இலும் ரஷ்யா ஏவிய மெட்டியோர் வகைச் செய்மதிகள் அதே 137 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் டிஜிட்டல் முறையில் படம் அனுப்புவதற்கென்று அமைந்தவை. ஆனால் அது எப்.எம். பிடித்துப் பழகிய பின் செய்ய வேண்டிய வேலை.

இனிச் சட்டம். இந்தக் குச்சி கேட்க மட்டும் தெரிந்தது, எதையும் அனுப்பாது. உங்கள் வீட்டிலிருந்து அலை போய் யாருக்கும் இடையூறு செய்துவிடும் என்ற பயம் வேண்டாம். மகள் இப்போது கேட்கும் விலை கூடிய கருவிகளில் சில அனுப்பவும் கூடியவை. அனுமதிப்பத்திரமின்றி அலை அனுப்புவது பாரதூரமான குற்றம், விமானத்துக்கும் கப்பலுக்கும் ஆபத்தாக முடியலாம். அதை இப்போது வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது முக்கிய காரணம். நம் நாட்டில் வானொலிக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே கேட்கும் கருவியாயினும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை எல்லோருக்குமாக ஒலிபரப்பப்படும் எப்.எம். நிலையங்களோடு நிற்கட்டும். இரைச்சலைத் தேடிப் பிடிக்கும் பயிற்சிக்கு அதுவே தாராளம். பொலிஸார், பாதுகாப்புப் படையினர், தனிப்பட்டோர் ஆகியோரின் உரையாடல்கள் பக்கம் போகவே கூடாது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவது நமக்குத் தடுக்கப்பட்டது என்பதை இந்தப் பக்கத்தின் வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முறையாகக் கற்று அனுமதி பெற விரும்புவோருக்கு வழி திறந்தே இருக்கிறது. அமெச்சூர் வானொலி என்ற பொழுதுபோக்குக்கு இங்கே பரீட்சையும் உரிமமும் உண்டு, 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறிகள் இலங்கையருக்கு உரியவை. இலங்கை வானொலிச் சங்கம் என்ற அமைப்பும் உண்டு. பெண் பிள்ளைகள் அதில் சேர எந்தத் தடையும் இல்லை. ஆனால் உயர்தரப் பரீட்சை முடியட்டும்.

படிப்புக் கெடும் என்ற வாப்பாவின் கவலை நியாயமானது. இரவு முழுவதும் இரைச்சலோடு இருப்பதை நானும் ஆதரிக்க மாட்டேன். கிழமைக்கு இரண்டு நாள், இரண்டு மணித்தியாலம் என்று வரையறுத்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவள் கையாள்வது அவளுடைய பாடத்திலுள்ள அலைகளும் இலத்திரனியலும்தான் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே அன்டெனா கட்டுவதாயின் இரண்டு விடயங்களில் கண்டிப்பாக இருங்கள். மின்கம்பிகள் போகும் பக்கத்தில் தடியோ கம்பியோ உயர்த்தக் கூடாது. விழுந்தால் தொட்டு நிற்கும் தூரத்திலும் கூடாது. இடி மின்னல் கூடிய ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரமானால் அன்டெனா வயரைக் கழற்றிவிட வேண்டும். மழை வந்த பிறகு ஓடிப்போய்க் கழற்றும் வேலை ஆகாது, வானம் கறுக்கும்போதே கழற்ற வேண்டும்.

கடைசியாக அந்தச் சார்ஜர். தேடலில் ஒரு சார்ஜர் அகப்பட்டு, அது பெயர் இல்லாத மலிவு வகை என்று கண்டால், அதை இன்னோர் அறைக்கு மாற்றாதீர்கள், குப்பையில் போடுங்கள். வடிகட்டி உறுப்புகளை விட்டுவிட்டவன், சுவர் மின்சாரத்துக்கும் உங்கள் பிள்ளையின் கைக்கும் இடையில் இருக்க வேண்டிய காப்பிலும் மிச்சம் பிடித்திருக்கக் கூடும். படுக்கையில் தலையணைக்குக் கீழ் கைத்தொலைபேசியை வைத்துச் சார்ஜ் செய்யும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவேனும் எஸ்.டி.ஆர். பற்றிய எந்த ஆர்வமும் இல்லாத சகோதரிகளும் தம் வீட்டுச் சார்ஜர்களை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. குச்சி இல்லாதவர்கள் பற்றரியில் ஓடும் சிறிய வானொலி ஒன்றை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு சார்ஜருக்கும் பல்புக்கும் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சீறும் சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே ஆள் இருக்கிறார். உம்மம்மாவின் வானொலி சில காலமாகக் கரகரக்கிறது என்றால் அதற்கும் காரணம் அங்கேயே அகப்படலாம்.

எழுதிய உம்மாவுக்கு: மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். திகதி, மீடிறன், கெயின், எது செருகியிருந்தது, எது கழற்றியிருந்தது என்று நிரல் போட்டு எழுதட்டும். மெயின் சுவிட்சை அணைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் அந்தப் பக்கத்தின் பிரதியையும் எனக்கு அனுப்பினால், இரைச்சல் எந்த அறையிலிருந்து வருகிறது என்பதை மகளோடு சேர்ந்து நானும் தேடிப் பார்க்கிறேன்.